ஒன்றில் நிற்காத மெஷின்

எண்ணூர் தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்குக் காகிதம் போடுவது என் வேலை. அதற்குப் புரோகிராம் எழுதும் சார் ஒல்லியாக இருப்பார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கப் போகிறவர் மாதிரி, நாற்காலி நுனியிலேயே உட்காருவார்.

ஒருநாள் அவர் கணக்கு ஓயாமல் அச்சாகிக்கொண்டே போனது. இன்றைக்குள் சரியாகாவிட்டால் நாளை வர வேண்டாம் என்று மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார்.

"இன்னா சார், ராயபுரத்துல நிக்காத எக்ஸ்பிரஸ் மாதிரி போய்கினே கீது?" என்றேன்.

"ஒண்ணு வந்தா நில்லுன்னு எழுதினேம்பா. பத்துல ஒரு பங்கை இந்த மெஷினால துல்லியமா வச்சுக்க முடியாது. அப்படிப் பத்துப் பங்கு கூட்டினா, அதுக்குச் சரியா ஒண்ணு வரல. துளி தப்பித் தாண்டிடுச்சு."

"இப்போ இன்னா செய்வே?"

"ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் முழுசா எண்ணச் சொல்றேன். அப்புறம் பத்தால வகுத்துக்கட்டும்."

புரோகிராமைத் துளைகளாகப் போட்டிருந்த அட்டைகளை மாற்றிப் போட்டார். மெஷின் ஓடியது, நின்றது.

அவர் மெல்லச் சாய்ந்துகொண்டார். அவர் முதுகு நாற்காலியில் பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.