பதினைந்து துடிப்பு

இது நடந்தது. எனக்கே, போன ஜூலையில், கொடைக்கானல் செண்பகனூரில். நான் பேய் பிசாசு என்றால் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. பதினோரு வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. செத்தவர்களைத் துடைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் எழுந்து வந்து பயமுறுத்தியதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் அண்ணன் எல்வின் கத்தாரில் ஏசி மெக்கானிக். எனக்கு ஒரு வாட்ச் வாங்கி, லீவில் வந்த அவன் கூட்டாளி மனோஜ்குமாரிடம் கொடுத்துவிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டேன். பேட்டரி இல்லை, சாவி கொடுக்கிற வாட்ச். ஸ்டாப்வாட்சும் உண்டு. நாடியைப் பிடித்துக்கொண்டு மேல் பட்டனை அமுக்கினால் சிவப்பு முள் ஓடும். பதினைந்து துடிப்பு எண்ணி மறுபடி அமுக்கினால் நிற்கும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். கீழ் பட்டன் முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பும். துடிப்பு குறையக் குறைய முள் அதிக தூரம் போகும். நர்சுக்கென்றே தேடிப் பிடித்திருக்கிறான், பாவி.

எப்படிப் பழக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

"ஏலே ஜெபா, தெனம் வெள்ளனே ஒரே நேரத்துக்குச் சாவி குடு. முப்பது சுத்து. இறுகுனா விட்ரு. முள்ளு ஓடுறப்ப கீழ் பட்டனத் தொடாத, உள்ள சக்கரத்துப் பல்லு போயிரும். மொதப் பத்து நாளு தூங்குறப்பவும் கழட்டாத. அப்பத்தான் வாட்சு ஆளப் பழகும்."

அன்றைக்கே கட்டிக்கொண்டேன். எனக்கும் அது தேவையாக இருந்தது. என் மனைவி அனிட்டாவுக்கு ஏழாம் மாதம். சின்ன வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு. நாடி அறுபதுக்குக் கீழே போனால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் வயிற்றுப் பிள்ளையும் பிழைக்க வேண்டும். எனக்கு அந்த ஒரே கவலைதான்.

திங்கள் காலை 5.40. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. 'டிக்' என்று ஒரு சத்தம். கண் விழித்தேன். மணிக்கட்டில் சிவப்பு முள் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி 'டிக்'. 72-இல் நின்றது. தூக்கத்தில் எதிலோ இடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு சாவி கொடுத்தேன்.

செவ்வாய், 5.40. டிக். இந்த முறை நன்றாகப் பார்த்தேன். யாரும் தொடவில்லை. பட்டன் தானாக உள்ளே போய் வெளியே வந்தது. 64.

என் நாடியை எண்ணினேன். 80. அனிட்டாவின் கையைப் பிடித்து எண்ணினேன். 78. அப்படியென்றால் இது யாருடையது?

புதன், 52.

டாக்டர் சொன்ன அறுபதுக்கும் கீழே. அனிட்டாவுக்கு வரப்போவதைத்தான் முன்கூட்டிக் காட்டுகிறதோ? அவளிடம் சொல்லவில்லை. டியூட்டி நேரத்திலும் மணிக்கொருதரம் போன் போட்டு நாடியை எண்ணச் சொன்னேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று திட்டினாள்.

வியாழன், 41. கார் பிடித்து அவளை மதுரைக்குக் கொண்டுபோனேன். பாதி மலை இறங்கும்போது எல்வின் கூப்பிட்டான். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது, படியேற முடியவில்லை என்றான். எனக்கு எரிச்சல்.

"வெயில்ல நின்னா அப்படித்தான். தண்ணியக் குடி. நானே இங்க உசுரக் கையில புடிச்சுட்டுப் போறேன்."

"சரிடா. நீ அனிட்டாவப் பாரு" என்று வைத்துவிட்டான்.

மதுரையில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளி, 28.

அன்று இரவு நான் தூங்கவில்லை. அனிட்டாவின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

சனி. 5.38... 5.39...

5.40. டிக்.

முள் ஓடியது. 60-ஐத் தாண்டியது. 40. 30. 20...

எழுதியிருந்த எண்கள் முடிந்துவிட்டன. முள் நிற்கவில்லை.

இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. பதினைந்தாவது துடிப்புக்காக அது காத்துக்கொண்டே ஓடியது.

பட்டனை அமுக்கினேன். நிற்கவில்லை. அமுக்கினேன். அமுக்கினேன்.

கீழ் பட்டனையும் அமுக்கினேன்.

நிற்கவில்லை.

அனிட்டாவின் நாடி என் விரலுக்கடியில் அடித்துக்கொண்டிருந்தது. 78.

6.25. போன்.

எல்வினோடு ஒரே அறையில் இருக்கும் கோகுல்ராஜ். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார். இதயம் நின்றுவிட்டதாம். மூச்சை இழுக்கிற மாதிரி சத்தம் கேட்டு அவர் எழுந்து பார்த்தபோது கத்தாரில் மணி 3.10. நமக்கு 5.40.

ஐந்து நாள் சொல்லியிருக்கிறது. நர்ஸ் வேலை பார்க்கிறவனிடம், நாடியாகவே காட்டிச் சொல்லியிருக்கிறது. நான் பக்கத்தில் படுத்திருந்தவள் கையையே பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் வாய்விட்டுச் சொன்னபோது தண்ணியைக் குடி என்றேன்.

முள் ஞாயிறு சாயங்காலம்வரை ஓடி, சாவி தீர்ந்து நின்றது. அதற்குப் பிறகு நான் சாவி கொடுக்கவில்லை. கழற்றவும் மனசு வரவில்லை. அண்ணன் கட்டிக்கொள்ளச் சொன்ன வாட்ச்.

செவ்வாய்க்கிழமை உடல் வந்தது. கூடவே கோகுல்ராஜும் வந்தார். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இதத்தானுங்க அனுப்புறதுக்கு முன்னால அவரு பத்து நாள் கட்டியிருந்தாரு. குளிக்கிறப்ப மட்டும் கழட்டுவாரு. தம்பி கைக்குப் புதுசாப் போகக் கூடாது, நானே பழக்கிக் குடுக்கிறேன்னு சொன்னாருங்க."

விரல் விட்டு எண்ணினேன். நான் அதைக் கட்டி அன்றைக்குப் பத்தாவது நாள்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று இரவு அனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

புதன் காலை 5.40. பீரோவுக்குள்...

டிக்.

டிக்.

திறந்து பார்த்தேன். சாவி கொடுக்காத வாட்ச். முள் 84-இல் நின்றிருந்தது.

அனிட்டா எழுந்து வந்தாள். என் கையை இழுத்து நாடியைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள்.

84.