எழுத்துரு தேடி அலைந்த யூசுப் பாய்

செவ்வாய்க்கிழமை காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. யூசுப் பாயின் மகள். "டீச்சர், அத்தா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டாராம். நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

மலாக்காவின் காஜா பெராங்கில் அவர் கடைக்குப் போய்வந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகப்பனாரின் துணிக்கடையில் பாதியை ஒதுக்கிக் கணினி விற்றவர். ஒரு பக்கம் கைலி, மறுபக்கம் கீபோர்டு. புதுக் கணினி வாங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக விடமாட்டார். தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பியதையும் சுத்தமாக அழித்துவிட்டு, இயங்குதளத்தை முதலிலிருந்து ஏற்றி, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். இரண்டு நாள் ஆகும். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பத்து முறை போன் செய்வேன். "காலி வீடு மாதிரி டீச்சர். வெள்ளையடிச்சுட்டுத்தான் சாமான் எறக்கணும்" என்பார்.

நான் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடங்களில் மலாக்காவில் நம் ஆட்கள் குடியுரிமைக்காக வரிசையில் நின்றதையும், நிற்க மாட்டேன் என்று கப்பலேறி இந்தியா போனவர்களையும் பற்றி என் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. நாவல் பாதியில் இருந்தபோது அப்பாவும் போய்விட்டார். எட்டு மாத எழுத்து பழைய கணினியில் இருந்தது. அதில் வைரஸ் புகுந்துகொண்டதால் பாயிடம் புதிதாக ஒன்று வாங்கினேன். அந்த நாவலை ஒரு போட்டிக்கு அனுப்ப மூன்று வாரம் மீதம் இருந்தது.

பாய் என் கோப்புகளைப் பத்திரமாகக் குறுவட்டில் எடுத்து வைத்தார். வைரஸ் பரவக்கூடாது என்று பழைய கணினியைத் துடைத்து எடுத்தார். புதியதைத் தன் வழக்கப்படி சுத்தமாகத் தயார் செய்தார். என் வீட்டு மேசையில் நாவலைத் திறந்தால், ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. திரை முழுக்க உடைந்த ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் புள்ளிகளும். அந்த நாளில் கணினித் தமிழ் அப்படித்தான். எந்த எழுத்துருவில் தட்டினோமோ அது கணினியில் இருந்தால்தான் படிக்க முடியும். என்னுடையதை ஒரு தோழி கொடுத்தாள். அவளுக்கு யாரோ கொடுத்தார்கள். அதற்குப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கோப்பை எடுத்த பாய், எழுத்துருவை எடுக்கவில்லை.

கூப்பிட்டதும் வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தார். "நான்தான் அழிச்சேன் டீச்சர். என் தப்பு" என்றார். அவ்வளவுதான், ஒரு சாக்குப்போக்கு இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பாய் வீட்டில் தமிழ்தான் பேசினார், ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. "தமிழே படிக்கத் தெரியாத ஆளுகிட்ட கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அச்செடுத்த தாள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். முதல் பக்கம் ஒன்றுதான் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்ட தமிழ்த் தாளையெல்லாம் அவர் என் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்தவர், அதே தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயில் திருவிழா நோட்டீஸ் முன்னால் அரைமணி நேரம் நின்றாராம். முகவரி தேடுகிறார் என்று நினைத்துக் கோயில் கிளார்க் உதவிக்கு வந்திருக்கிறார். தெங்கேராவில் ஓர் அச்சகத்தார் இதுதான் அது என்று சத்தியம் பண்ணியும் பாய் ஒப்புக்கொள்ளவில்லை. சுருட்டிவிட்ட வால் இருக்கும் எழுத்தில், அந்த வால் இவ்வளவு நீளம் இல்லை என்றாராம். 'ழ'வைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம்.

பன்னிரண்டாம் நாள் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். குருபோங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வீட்டில் பத்திரிகை அச்சடிக்கும் ஒருவரிடம் அதே எழுத்துரு கிடைத்துவிட்டது. ஏற்றிவிட்டுக் கோப்பைத் திறந்தார். என் அப்பா பேசியதெல்லாம் அச்சு அசலாக அப்படியே திரையில் வந்து நின்றது. நான் வாய்விட்டு அழுதேன். பாய் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, "ஒரு பக்கம் வாசிங்க டீச்சர். இவ்ளோ அலைஞ்சேன், உள்ள என்னா இருக்குன்னே தெரியல" என்றார்.

வாசித்தேன். அதிலிருந்து, போட்டிக்கு அனுப்பிய பிறகும், சனிக்கிழமை காலைகளில் கடையிலேயே வாசிப்பு. கைலி வாங்க வந்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். "இந்த எடத்துல ஒருத்தர் எந்திரிச்சுப் போயிட்டாரு, பாத்தீங்களா?" என்பார் பாய். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை வெட்டிவிடுவேன். நாவலுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் மேலோட்டமாகப் புரட்டியிருப்பார்கள் என்று பாய் தீர்ப்புச் சொன்னார். புத்தகமாக வந்தபோது பத்துப் பிரதி வாங்கினார்.

நேற்று இந்தக் கட்டுரையை அவர் மனைவி ஜமீலா அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். போனவரைப் பற்றிக் குறையாக எழுத வேண்டாமென்று, எழுத்துரு தானாகக் காணாமல் போனதாக முதலில் எழுதியிருந்தேன். அக்கா என்னை நிறுத்தினார். "அவங்க அழிச்சத ஏன் விட்டுட்டீங்க? கடைக்கு வர்றவங்ககிட்ட ஒருத்தர் விடாம அத சொல்லித்தான், தமிழ் எழுத்து இருக்கா பாத்து எடுத்து வைங்கன்னு சொல்லுவாங்க" என்றார். அன்று நான் என்ன சொன்னேன் என்று தெரியுமா என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை. தன் தப்பை ஊருக்கே சொன்ன மனுஷன், என் தப்பை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அங்கேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து இதில் எழுதியும் விட்டேன். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். 'என் தப்பு' என்று அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.