வாசலில் தொங்கிய பை

எங்கள் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதம், எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில், என் அப்பா வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரமாக வாசலைத் தாண்டினால் என் மகள் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பிலிப்பைன்ஸ்காரர். துபாயில் ஒரே ஓட்டலில் வேலை பார்த்தோம். அவர் சமையல்கட்டில், நான் சலவைப் பிரிவில். அரைகுறை இங்கிலீஷும் அரைகுறை இந்தியும் பேசியே காதலித்து, கல்யாணம் பண்ணி, குழந்தையும் பெற்றுவிட்டோம். ஓட்டலை மூடியபோதுதான் அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வி எதிரே வந்து நின்றது: இனி எந்த ஊர்? அவர் ஊரில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். என் ஊரில் என் அப்பா, நாங்கள் நைனா என்போம், தனியாக இருந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, எங்களுக்கு இரண்டு கால்களும் கடலில்தான்.

கடைசியில், என் ஊரில் ஒரு கோடை இருந்து பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று பேசிக்கொண்டோம்.

எனக்கு அவர் ஊரை நினைத்தாலே நடுக்கம். அங்கே புயல் என்பது விருந்தாளி மாதிரி அடிக்கடி வந்து போகுமாம். கூரை பறந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கோ என் ஊரைப் பார்த்த நாளிலிருந்து பயம். சுற்றிலும் ஆலைகள், துணி காயப்போட்டால் படிகிற சாம்பல், காற்று திரும்பினால் மூக்கில் ஏறுகிற வாடை. ஊருக்கு ஊர் ஒரு பேய், அவரவர் பேயோடு அவரவருக்குச் சிநேகம். இது நானே கட்டிய பழமொழி. அந்தக் கோடையில்தான் கட்டினேன்.

அவர் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட முழு வாக்கியம் "காத்து எந்தப் பக்கம்?" என்பதுதான். விடிந்ததும் வாசலில் நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைக் கேட்பார். தெருவுக்கே அது விளையாட்டாகிவிட்டது. பையன்கள் அவரைக் கண்டாலே, "மாமு, காத்து எந்தப் பக்கம்?" என்று கத்திவிட்டு ஓடுவார்கள்.

நைனா கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர். வருடக்கணக்கில் அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"இன்னா மாப்ள, நம்ம ஊரு சென்ட்டு புடிக்கலியா? ரெண்டு மாசம் போவட்டும், அப்பறம் இது இல்லாம உனக்குத் தூக்கமே வராது" என்று சொல்லிவிட்டு, சிரிக்கப் போய் இருமுவார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் என் வீட்டுக்காரரைக் கேலி செய்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தப் பை வந்தது. நீல நிறத்தில், தோளில் மாட்டுகிற பை. அதில் எதையெதையோ அடைத்து வாசல் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினார். தன் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று தொங்கும், ஆபத்து வந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றார். அதோடு விடவில்லை. ஏதாவது ஆனால் யாரும் யாரையும் தேடி வீட்டுக்கு வரக்கூடாது, எல்லாரும் மீஞ்சூர் ரயில் நிலையத்துக்குப் போய்விட வேண்டும், காற்றோடும் ஓடக்கூடாது, காற்றை எதிர்த்தும் ஓடக்கூடாது, குறுக்கே ஓட வேண்டும் என்று பாடம் எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மீஞ்சூருக்கே கூட்டிப்போய், நிலையத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சைக் காட்டி, இதுதான் இடம் என்றார். ஓடுவதற்கும் ஒத்திகையா என்று நான் சிரித்தேன். போண்டா மட்டும் நன்றாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தப் பை கண்ணை உறுத்தியது.

"வாசல்ல பை மாட்னவன் மனசு வழியில கீதுன்னு சொல்வாங்க. பாத்துக்கோம்மே. அவரு ஒரு நாளு கொழந்தைய இட்டுகினு கப்பல் ஏறிடப் போறாரு. அப்பறம் நீ இன்னா நீந்தியா போவ?"

போக்கா என்று சொல்லிவிட்டேன். ஆனால் சொல் காதுக்குள் போனால் சோறு மாதிரி செரிப்பதில்லை. முள் மாதிரி உள்ளேயே நின்றுவிடுகிறது. அவர் தினமும் தன் அம்மாவிடம் போனில் தன் மொழியில் தாழ்ந்த குரலில் பேசுவதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. அதற்குப் பிறகு அது மட்டும்தான் என் காதில் விழுந்தது. எந்த ஊர் என்ற பேச்சை இரண்டு பேருமே எடுப்பதை விட்டோம்.

ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது பையைத் திறந்தேன். மேலாக என் மகளின் பாஸ்போர்ட் இருந்தது. அதன் கீழே அவளுடைய இரண்டு கவுன்கள், பிஸ்கட் பாக்கெட். அதற்கும் கீழே என்ன என்று பார்க்கக் கை வரவில்லை. மூடி மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து குழந்தையை என் சேலைத் தலைப்பைப் பிடிக்க வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

அந்த நாள் காலையில் துணி எடுக்க டோல்கேட் கடைத்தெரு வரை போயிருந்தேன். திரும்பி வரும்போது நல்ல வெயில். வீடு திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தட்டில் பாதி தின்ற இட்லி. கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது.

அவருக்குப் போன் அடித்தேன். சார்ஜில் போட்டிருந்த போன் உள்ளே மணி அடித்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இப்பதான்மே பூட்டாரு. ஒரு கைல கொழந்த, ஒரு கைல பையி. ஆட்டோவ நிறுத்தி ஏறுனாரு பாரு, நாய் தொர்த்துறாப்ல. நான் கேட்டா இன்னாவோ கத்தினாரு, ஆட்டோ சத்தத்துல ஒண்ணும் சரியா கேக்கல."

வாசலுக்கும் தெருவுக்குமாக ஓடினேன். விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? என் புருஷன் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றா? அந்த நாட்டின் பெயரைக்கூட என் தெரு ஒழுங்காகச் சொல்லாதே! அங்கே எந்தத் தீவில், எந்தச் சந்தில் நான் அவளைத் தேடுவேன்? நைனாவுக்கு அடித்தேன். அவர் தண்ணீரில் இறங்கியிருந்தால் போன் கரையில்தான் கிடக்கும். யாரும் எடுக்கவில்லை. நெஞ்சு அடைத்தது. கண் எரிந்து கொட்டியது. அழுகை என்றுதான் நினைத்தேன்.

அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அய்ய, இன்னிக்கு இன்னா இவ்ளோ ஜாஸ்தியா கீது?" என்று இருமினாள். எதிர்வீட்டுத் தாத்தா இருமினார். எங்கிருந்தோ ஒரு ஆலையின் சங்கு, ஊதக்கூடாத நேரத்தில் ஊத ஆரம்பித்து நிற்காமல் ஊதியது. அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"காத்துன்னாரும்மே! காத்து, காத்துன்னு தான் கத்தினாரு! எப்பவும் சொல்றது தானன்னு நான் சிரிச்சுட்டேன்!"

தெரு மொத்தமும் வடக்கே, காற்றடிக்கிற திசையிலேயே ஓடியது. வாடையும் கூடவே ஓடியது. நானும் நாலு அடி ஓடினேன். பிறகு அவர் பாடம் நினைவுக்கு வந்தது. தெருக்குழாயில் சேலைத் தலைப்பை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு, "குறுக்க வாங்க, குறுக்க வாங்க" என்று கத்தியபடி மேற்கே ரயில் பாதையைத் தாண்டினேன். சிலர் பின்னால் வந்தார்கள். பலருக்குக் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. மீஞ்சூர் என்றேன். என் வாழ்க்கையிலேயே நீளமான சாலை அதுதான். ஏனென்றால் எனக்குள் இரண்டு பயம் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. அவர் அந்தப் பெஞ்சில் இருந்தால், ஓடியது இந்தக் காற்றுக்குப் பயந்துதான், ஊருக்குத்தான் ஆபத்து. இல்லாவிட்டால் என் பிள்ளை இனி எனக்கு இல்லை. ஊரே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது, ஆபத்து உண்மையாக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்ட பாவி நான் ஒருத்திதான்.

டீக்கடை முன் லாரி ஒன்று நின்று பெஞ்சை மறைத்தது. நான் இறங்கியும் நகராமல் நின்றேன். போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. லாரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. நைனாவின் இருமல்.

ஓடினேன். பெஞ்சில் நைனா சேறும் தண்ணீருமாக உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் இன்ஹேலரை வைத்து என் வீட்டுக்காரர் அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள், நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போண்டா தின்றுகொண்டிருந்தாள்.

நைனாவுக்கு மூச்சு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. "உன் வூட்டுக்காரன் என்னிய கோழி மாரி அமுக்கினு வந்துட்டாம்மே. வாயில பறிய கவ்விகினு கீறேன், கரையில நின்னு வா வான்னு கத்துறான், நான் இன்னாத்த பதில் சொல்றது? தண்ணில எறங்கி இழுத்துட்டான். எறாவும் போச்சு, பறியும் போச்சு." பறி என்பது பிடித்த இறாலைப் போடுகிற ஓலைக்கூடை. பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் தடவுவார்கள்.

நான் குழந்தையைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுதேன். விஷக்காற்றினால் கண் எரிகிறது என்று நினைத்து அவர் பாட்டில் தண்ணீரை என் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தார். நானும் முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

பெஞ்சின் மேல் பை முழுதாகப் பிரித்துக் கிடந்தது. மகளின் உடுப்புக்குக் கீழே என் பாஸ்போர்ட், என் புடவை ஒன்று, நைனாவின் மாத்திரைகள், அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி. என் வீட்டுக்காரருடையது என்று ஒன்றுகூட அதில் இல்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஓட்ட வாயிம்மே" என்று தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள்.

ஆலையில் கசிந்த வாயு சாயங்காலம் அடங்கி, ஊர் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் மறுநாளுக்குள் வீடு வந்தார்கள். தெருவில் பேச்சு பழையபடி ஆரம்பித்தது. என்னால்தான் பழையபடி இருக்க முடியவில்லை. உங்கள் ஊரில் புயல் இருக்கிறதே என்று அவரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "புயல் வருகிறது என்று முன்னாலேயே சொல்வார்கள். இங்கே யாரும் நமக்குச் சொல்லவில்லையே" என்றார். அதற்கு என்னிடம் பழமொழி இல்லை.

போகலாம் என்று நான்தான் சொன்னேன். நைனாவை எவ்வளவோ கெஞ்சிக் கூப்பிட்டோம். "அங்க கீற எறாவுக்குத் தமிழ் தெரியாதும்மே" என்று சிரித்து மழுப்பினார். பஸ் ஏறும்வரை மாப்பிள்ளையின் கையை விடவே இல்லை.

இங்கே, அவர் ஊருக்கு வந்து, ஐந்தாறு புயல்கள் பார்த்துவிட்டேன். பயம் குறையவில்லை. ஆனால் பயப்படுகிறவளைப் பார்த்து இங்கே யாரும் சிரிப்பதில்லை. நைனாவிடம் தினமும் போனில் பேசுகிறேன். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன் அவரே, "காத்து எந்தப் பக்கம்மே?" என்கிறார். நானும் திருப்பிக் கேட்கிறேன். நாங்கள் மாட்டிவிட்டு வந்த பை வாசலில் இருக்கிறதா என்றால், "கீதும்மா, கீது" என்கிறார். நிஜமா, என் மனசுக்காகவா, தெரியாது.

எங்கள் வாசலிலும் ஒரு பை தொங்குகிறது. அதில் மகளுடையது, என்னுடையது, மாமியாருடையது எல்லாம் இருக்கும். அடியில் ஒரு இன்ஹேலர். இந்த வீட்டில் யாருக்கும் இழுப்பு கிடையாது. காலாவதி ஆகிற ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் சொல்லாமல் புதிதாக ஒன்று வாங்கி வைக்கிறார். எதற்கு என்று ஒருமுறை கேட்டதற்கு, "உன் நைனா வந்துவிட்டால்?" என்றார். எந்த நாட்டில் வாழ்வது என்பதை நாங்கள் என்றோ முடிவு செய்துவிட்டோம். ஆனால் காத்திவாக்கத்துக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ என்ற பயத்தில் அந்த இன்ஹேலரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் படுக்கப் போகிறேன்.