பந்திப் பலகையை அறுத்த கதை

ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில் தங்காக் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். அரிசி கண்ணில் படாது. மரவள்ளிக்கிழங்குப் புட்டு, தேங்காய்த் துருவல், சர்க்கரை போடாத கோப்பி, அவ்வளவுதான். அவள் அடுப்படியைப் பார்ப்பாள், நான் பரிமாறுவேன். சாப்பிடுகிறவர்கள் ஒரே நீளப் பலகையில் பந்தியாக உட்காருவார்கள். விடிந்தால் சாலை வேலைக்குப் போகும் ஆட்கள் வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். சந்தை முனையில் லாரி ஹாரன் அடித்ததும் சாப்பிடாதவர்களும் ஓட வேண்டியதுதான். பிந்தினால் ஜப்பான்காரனிடம் அறை விழும்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கவலைப்படுவதற்குப் படிப்பு எதற்கு? பசியோடு லாரி ஏறுகிறவன் நாளைக்கு வேறு கடைக்குப் போவான். ஆள் வராவிட்டால் கடை மூடும். வேலையில்லாதவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போவார்கள். வரிசை நீள நீள நான் வாசலை எட்டி எட்டிப் பார்ப்பேன்.

மனைவியின் அண்ணன் வந்து பார்த்தார். "இடம் பத்தல மாப்ள. பலகைய நீட்டிப் போடுங்க லா. பரிமாற நானும் வரேன்" என்றார். அவருக்கும் சாப்பாடு போட வேண்டுமே என்று யோசித்தேன். ஆனாலும் பயம் ஜெயித்தது. இன்னொரு பலகையைச் சேர்த்து அடித்தோம்.

மறுநாள் வரிசை இன்னும் மோசமானது. "அலமாக்! ரெண்டு கையாலயும் போடுறேன், வாசல் காலியாகலயே!" என்று மச்சான் அங்குமிங்கும் ஓடினார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். பாதிப் பேரின் இலை காலி. கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் கோடியில் இருந்த பல்லில்லாத பெரியவர் மேல்.

"தாத்தா, புட்டத் தின்றீங்களா, பலகையத் தின்றீங்களா?" என்றான் ஒருவன்.

"பல்லு இருக்குறவன் பேசுவடா. எழுந்து போயேன், யாரு புடிச்சா?"

"பந்தியில பாதியில எழுந்தா நல்லாவா இருக்கும்?"

ஹாரன் அடித்தது. வாசலில் நின்றவர்கள் வெறும் வயிற்றோடு ஓடினார்கள்.

மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். "பந்தி நீளமானா, மெதுவாச் சாப்புடுற ஆளு ஒருத்தராவது அதுல வந்துருவாரு. எல்லாரும் அவருக்காக உக்காந்திருக்காங்க."

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே, "அப்பப் பலகைய அறுத்துருங்க. ரெண்டு பேரு உக்காந்தா அது பந்தியா என்ன? தின்னவங்க எழுந்துக்குவாங்க" என்றாள்.

"நேத்துதான ஆணி அடிச்சேன்!" என்று மச்சான் புலம்பிக்கொண்டே ரம்பத்தை எடுத்தார். இருவர் இருவராக உட்காரும்படி துண்டு போட்டோம். பெரியவருக்குச் சுவரோரம் தனிப் பலகை. சாவகாசமாக மெல்லட்டும்.

அதற்கப்புறம் இடம் ஒவ்வொன்றாகக் காலியானது, ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முன்பெல்லாம் பந்தி மொத்தமும் ஒரே நேரத்தில் கை நீட்டும்; அப்புறம் எல்லாரும் மெல்லும்வரை நான் சும்மா நிற்பேன். இப்போது என் ஒருவன் கையே போதும். இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. மச்சான் கொல்லையில் கிழங்கு தோண்டப் போய்விட்டார். அதற்குத்தான் உண்மையில் ஆள் குறைவாக இருந்தது.

பலகையை அறுத்த மறுநாள் ஹாரன் அடித்தபோது வாசலில் ஒருவரும் இல்லை. நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"என்னடி, ஆளுங்க வராமலே போயிட்டாங்களா?"

"எல்லாரும் சாப்ட்டுட்டாங்க. இனி நீங்க உக்காருங்க" என்று அவள் எனக்கு இலை போட்டாள். புட்டு இன்னும் சூடாக இருந்தது.