போன வருடத்துப் பதினைந்து சொற்கள்

சட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, காலரைத் தடவிப் பார்த்து, “இது பல் டாக்டரோடது, எப்பவும் இடது பக்கமே சாயற மனுஷன்” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கிறார் சலவைக்கடை அக்கா. கடையில் ரசீது கிடையாது, துணியில் குறி போடுவதும் கிடையாது. நாற்பது வருடமாக எது யாருடையது என்ற விவரமெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் வாங்க வராதவர்களின் துணியையும் தூக்கிப் போட மாட்டார். “குடுத்தவங்க கேப்பாங்கல்ல?”

அவருடைய அம்மா, தனக்கு அறுபத்தைந்து வயதானபோது, பெற்ற மகளையே பார்த்து, “நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?” என்று வெகு மரியாதையாகக் கேட்டவர். அக்காவுக்கு இப்போது அறுபத்து நான்கு. மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணு அவருக்கும் இருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. “எங்கம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போன சொத்து அது ஒண்ணுதான். வேணாம்னா சொல்ல முடியும்?” என்று சிரித்தார். அக்காவின் மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடினால்கூட அவள் செய்கிற வேலையை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள்.

நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் மூளை வயதோடு எப்படி மாறுகிறது என்று ஆராயும் மையத்துக்கு அக்கா வருடாவருடம் போகிறார். ஸ்கேன் இயந்திரத்தின் தடதட சத்தத்திலும் குறட்டை விடும் ஒரே ஆள் அவர்தானாம். மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் டாக்டர். “துவைக்கத் துவைக்கத் துணி சுருங்கத்தானே செய்யும் டாக்டர்? கிழியாம இருந்தாச் சரி.”

இந்த வருடம், வெள்ளைக் கோட்டு போட்ட பரிசோதகப் பெண் பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டி, அரை மணி கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாளி, ஏணி, தீப்பெட்டி, பூசணி, விசில்...” பதினைந்தையும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார். அந்தப் பெண்ணின் பேனா அசையவே இல்லை. ஒரு சொல்கூட இன்றைய பட்டியலில் இல்லை.

துணைக்கு வந்திருந்த மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்ன கண்ணு, சரியாத்தானே சொன்னேன்?” என்றார் அக்கா. அந்தப் பெண் எதற்கோ போன வருடத் தாளை எடுத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பதினைந்தும் அங்கே வரிசை மாறாமல் இருந்தன.

“அன்னைக்கு ‘அப்புறம் கேப்பேன், ஞாபகம் வச்சுக்குங்க’ன்னு சொன்னே. கரண்ட் போச்சு, கேக்காமலே அனுப்பிட்டே. ஒரு வருஷமா இஸ்திரி போடறப்பல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப இன்னைக்கு வாசிச்சது?” என்றாள் பரிசோதகப் பெண்.

“முதல்ல வந்தது முதல்ல போகணும்ல? இரு, அதையும் சொல்றேன்.” விரல் விட்டு எண்ணிப் பதின்மூன்று சொன்னார்.

மரபணு எங்கேயும் போய்விடவில்லை. அடுத்த வருடத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. இருந்தாலும் அந்த அறையில் அப்போது இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம். மகள் பரிசோதகப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள். அவள் தலையை எடுத்ததும் அக்காவின் பார்வை நேராக அந்த வெள்ளைத் தோளுக்குப் போனது.

“கண் மை. காய விட்டா கறை ஏறிடும். கோட்டைக் கழட்டு கண்ணு” என்று கையை நீட்டினார்.