நோர்வேயிடம் கொடுத்துவிட்ட கலியாணக் கார்ட்

லண்டனில், சவுத்தால் தமிழ்க் கடையில் என்னை எல்லோரும் நோர்வே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை எனக்கு. நோர்வேக்குப் போகிற பிளேனுக்கும் ஏற்றியிருக்கிறேன். அவ்வளவுதான் தொடர்பு.

பெயர் வந்தது ஊரில் சண்டை நின்ற சமாதான காலத்தில். நோர்வே என்கிற சின்ன நாடு நடுவில் நின்று எங்கள் நாட்டின் இரண்டு பக்கத்தையும் பேச வைத்தது. அவர்களுக்கு எங்களிடம் காணியும் இல்லை, உறவும் இல்லை. பெரிய படையும் இல்லை. அதனால்தான் நம்பினோம். யாழ்ப்பாணத்துக்கு ரோட்டுத் திறந்தது. லண்டன் சனம் பிள்ளைகுட்டியோடு ஊர் பார்க்கப் போனது.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் தம்பியும் போனார்கள். அண்ணனுடையதுதான் அந்தச் சவுத்தால் பலசரக்குக் கடை. தம்பி ஹவுன்ஸ்லோவில் டாக்சி ஓடுகிறான், என் வயது. ஊரில் தகப்பன் விட்ட காணி இருவருக்கும் பொது. அண்ணன் நடுவில் மதில் கட்டினார். கிணறு அவருடைய பக்கம் போய்விட்டது. போகும்போது ஒரே பிளேன். வரும்போது வேறு வேறு பிளேன். ஊரில் சண்டை நின்ற நேரம் இவர்களுக்குள் தொடங்கியது.

நான் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. சனிக்கிழமை அண்ணனின் கடையில் மீன் வாங்குவேன். தம்பி இருக்கிற தெருவில்தான் நானும் இருக்கிறேன். அதனால் கதை என் வழியாகப் போய்வரத் தொடங்கியது.

நான் கடைக்குள் நுழைந்தால் கல்லாவிலிருந்து சத்தம் வரும்.

"நோர்வே வந்திட்டார், தேத்தண்ணி ஊத்துங்கோ. என்னவாம் எதிர்த்தரப்பு?"

"கிணத்துக்கு வழி விடட்டாம், அண்ணை."

"அந்த நாய்க்குப் போய்ச் சொல்லு, வாளியோட வந்து கும்பிட்டுக் கேக்கச் சொல்லி."

நான் தம்பியிடம் போய், "அண்ணை யோசிக்கிறன் எண்டவர்" என்பேன். அவன் தூஷணத்தில் ஒன்று சொல்வான். அதையும் கழுவித் துடைத்து அண்ணனிடம் கொண்டுபோவேன். எனக்குப் படிப்பில்லை. ஆனால் அந்த வேலை வந்தது.

டிவியில் நோர்வேக்காரர் ஒருவரைக் காட்டுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஹெலிகொப்டரில் ஏறுவார், இறங்குவார். களைத்த முகம். அவரும் கழுவித்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. நோர்வே போய்விட்டது. எல்லாம் முடிந்தது. செத்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. எழுத ஏலாது. இரண்டு பக்கமும் நோர்வேயைத் திட்டின.

"வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டாங்கள்" என்றார் கடையில் நின்ற ஒருவர்.

"எங்கட நோர்வேயும் அப்பிடித்தான்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காணியில் யாரும் இல்லை. மதில் ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். கிணற்றுக்குள் ஆலங்கன்று முளைத்து நிற்கிறதாம். அண்ணனும் தம்பியும் மட்டும் சண்டையை நிறுத்தவில்லை. நானும் போய்வந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் அண்ணனின் மகளுக்குக் கலியாணம். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியது தம்பியின் டாக்சிதான். அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"அங்கிள், சித்தப்பா இல்லாமல் எனக்கு வெடிங் வேண்டாம். ப்ளீஸ், ஏதாவது செய்யுங்கோ."

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. கூடப்பிறந்தவனுக்குக் கலியாணம் சொல்வதென்றால் புருசனும் பெஞ்சாதியுமாக அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஊராருக்குத்தான் கார்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம். அண்ணன் கார்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் போகோணும், அண்ணை."

"நீ போனால் நான் போன மாதிரி. இவ்வளவு காலமும் நீதானே போனனி."

வாங்கினேன். தம்பி கதவைப் பாதி திறந்து கார்டைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"அண்ணை காரிலயோ இருக்கிறார்?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"இல்லை மச்சான். நான்தான்."

"கலியாணத்தையும் நோர்வேயிட்டயோ குடுத்து விட்டவர்?"

கார்டைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன்.

கலியாணம் வெஸ்ட் ஈலிங்கில், ஒரு மண்டபத்தில். வானம் மூடிக் கிடந்தது. நான் வாசலில் நின்றேன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முந்தி தம்பியின் டாக்சி கார் பார்க்குக்குள் வந்தது. வேட்டி கட்டியிருந்தான். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான். மழை தூறத் தொடங்கியது.

"அண்ணையை ஒருக்கா வெளியில வந்து 'வாடா' எண்டு சொல்லச் சொல்லு. எனக்கு அதுவே காணும். கிணறும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

ஓடினேன். மணவறையில் அண்ணன் சால்வையோடு நின்றார். காதுக்குள் சொன்னேன். முதல் முறையாக ஒரு சொல்லும் கழுவாமல் சொன்னேன்.

அவருடைய கண் வாசலுக்குப் போனது. கால் அசைந்த மாதிரி இருந்தது. பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"எனக்கு இப்ப மணவறையை விட்டு இறங்க ஏலாது. நீ கூட்டிக்கொண்டு வா."

நான் திரும்பி வாசலுக்கு வருவதற்குள் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. அது வெளியிலும் கேட்டிருக்கும். கார் நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க அதுவும் நனைந்தது.

சாப்பாட்டு நேரம் கலியாணப் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"சித்தப்பா வரேல்லையா?"

"வந்தவர் பிள்ளை. கார் பார்க் வரைக்கும்தான்."

 அவள் மாலையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று அந்தக் கார்டை நான் வாங்காமல் விட்டிருந்தால் அண்ணன் போயிருப்பாரோ, தெரியாது. நான் இருந்தபடியால் அவருக்குப் போகத் தேவை வரவில்லை. அது தெரியும். நோர்வேக்காரர்களும் தங்கள் நாட்டில் இருந்து இப்படி யோசிப்பார்களோ என்னவோ.

அடுத்த சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன்.

"என்னவாம்?" என்றார் அண்ணன், வழமை போல.

"நீங்களே போய்க் கேளுங்கோ, அண்ணை. எனக்கு இனி ஏலாது."

மீனை நிறுத்துப் பையில் போட்டார். தேத்தண்ணி தரவில்லை. சவுத்தாலிலிருந்து தம்பி இருக்கிற ஹவுன்ஸ்லோவுக்கு ஒரே பஸ். நேரே போகும், மாறத் தேவையில்லை. இன்னும் அவர் ஏறவில்லை.