தகரக் கூரையில் மழை பெய்த ஞாயிறு

டிசம்பர் மாதத்து ஞாயிறு, காலை 6.10. மாத்தளை பஸ் நிலையத்தில் ரத்தோட்டை பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் நாளே என் ஊரான வத்தளையிலிருந்து வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தேன். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறிய ஆலயம் இருக்கிறது. மாதம் ஒரு முறைதான் போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் என்னைப் போன்ற சபைப் பிரசங்கிகள் போய்ப் பேச வேண்டும். பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். இந்த மலைக்கு இதுதான் முதல் தடவை. இதுவே என் கடைசிப் பிரசங்கமாகவும் இருக்கட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நான் தனியாக ஜெபிக்கவில்லை. வீட்டில் சாவில்லை, நோயில்லை. இருந்திருந்தால் காட்டுவதற்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். ஒரு நாள் அசதி, மறுநாள் அவசரம், பிறகு அப்படியே பழகிப் போனது. மேடை ஏறினால் வாய் தானாக ஓடும். இறங்கிவிட்டால் ஆண்டவரிடம் சொல்ல ஒரு வார்த்தை இருக்காது. “ஐயா என்னமா ஜெபிக்கிறார்!” என்று யாராவது புகழ்ந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பேன்.

ஏழு மணிக்கு ரத்தோட்டை. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர்; அவர்களை ‘நானா’, அதாவது அண்ணா, என்று அழைப்பது எங்கள் வழக்கம்.

“மேல மழ கூடுதலா இருக்கும் சேர். கொட இருக்கா?”

“இருக்கு நானா. ஆராதனைக்குப் போறேன்.”

“நல்லது. நான் விடியக்கால சுபஹு தொழாம வண்டிய எடுக்க மாட்டேன். எடுத்தா அன்னைக்குப் பூரா மனசு சரியில்ல. நீங்களும் காலையில ஓதிட்டுத்தானே வந்திருப்பீங்க?”

“ஆமா” என்றேன். பச்சைப் பொய். மிளகுக்கொடி ஏறிய மரங்களும் கராம்புத் தோட்டங்களும் கீழே போய், தேயிலை தொடங்கியது. ஒரு திருப்பத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுதாக எழுந்து நின்றது. பாதி மலைக்கு மேல் மேகம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ‘ஆண்டவரே’ என்று நாக்கு நுனி வரை வந்தது. சற்று முன் சொன்ன பொய் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டேன்.

7.45. ஆலயம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. நான்கு வெள்ளைச் சுவர், மேலே வெறும் தகரம், தரையில் பாய். சாவியோடு நின்றவர் செல்வராணி. வாரம் முழுக்கக் கொழுந்து பறிப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிறார். பிளேன்டீயும் வெல்லத் துண்டும் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“மழ புடிச்சா தகரச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்க ஐயா. பேச்ச நிறுத்திருவோம். மழ விடுற வரைக்கும் ஆளாளுக்கு வாய்விட்டு ஜெபம். இங்கத்த பழக்கம் அது.”

“எனக்குக் கொரல் பெருசு தங்கச்சி.”

“போன மாசம் வந்த ஐயாவும் அப்பிடித்தான் சொன்னாங்க. பொறகு நாங்கதான் இஞ்சித்தண்ணி வச்சுக் குடுத்தோம்.”

எட்டரைக்கு ஆராதனை தொடங்கியது. முப்பது பேர் இருக்கும். இரண்டு பாட்டு, வேத வாசிப்பு. நான் எழுந்து நான்கு வாக்கியம் பேசியிருப்பேன். மலைச்சரிவில் ஓர் இரைச்சல் கேட்டது. அது தேயிலை மேல் நடந்து ஏறி வந்து கூரையில் இறங்கியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பது பேரும் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டார்கள்.

அதைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. எல்லோரும் தொண்டை நரம்பு புடைக்க உரக்கப் பேசுகிறார்கள், ஒரு சொல்லும் காதில் விழவில்லை. ஒருவர் அழுகிறார். ஒருவர் கையை நீட்டி வழக்காடுகிறார். செல்வராணி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அயல்வீட்டுக்காரியிடம் பேசுவதைப் போலத் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார், நடுவில் சிரிக்கிறார். அவர்கள் பேசுவதைக் கேட்க ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. எனக்கு உடல் சிலிர்த்தது, பயமாகவும் இருந்தது.

நானும் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். மனப்பாடமான வாக்கியங்கள் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. மழை தீரவில்லை. அசத்துவதற்கு ஆளும் இல்லை. கடைசியில், “உங்ககிட்ட பேச எனக்கு ஆசையே இல்லை” என்றேன். இரண்டு வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. சொன்னதும் அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கூச்சம் விட்டுக் கத்தினேன். கன்னம் நனைந்ததைக் கூரை ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மலைக்காரர்களுக்கு மழை விடப்போவது சத்தத்திலேயே தெரியும் போலிருக்கிறது. ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. சட்டென்று மழை நின்றபோது என் குரல் மட்டும் ஆலயம் முழுக்க ஒலித்தது:

“ரெண்டு வருஷமா உங்களத் தேடவே இல்ல ஆண்டவரே! பிரசங்கம் மட்டும் பண்ணிக்கிட்டு இருந்தேன்!”

கண்ணைத் திறந்தேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூனிக் குறுகிப் போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. செல்வராணி எழுந்து அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“முடிஞ்சிச்சாங்க ஐயா? கடைசி ஆள் முடிக்காம நாங்க பாட்டு எடுக்க மாட்டோம். இருந்தா சொல்லுங்க, காத்துக்கிட்டு இருக்கோம்.”

“இன்னும் முடியல தங்கச்சி.”

அவர் திரும்பிப் பார்த்தார். முப்பது பேரும் மறுபடி முழந்தாளிட்டார்கள். அந்த அமைதியில் நான் முணுமுணுப்பாகப் பேசி முடிக்கக் கால்மணி நேரமாவது ஆகியிருக்கும். பிறகு பாட்டு எடுத்தார்கள். அன்றைக்குப் பிரசங்கமே இல்லை, அதை ஒருவரும் கேட்கவும் இல்லை.

பகல் 12.30. ரத்தோட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்று, ஆண்டவரோடு பேசிக்கொண்டே மாத்தளை வந்தேன். இனிப் பிரசங்கம் செய்வேனா என்பதையும் அவரிடமே கேட்டிருக்கிறேன். எங்கள் வத்தளை ஆலயத்துக்குக் கொங்கிரீட் கூரை, வெளியில் மழை பெய்வது உள்ளே தெரியாது. ஒலிபெருக்கி இருக்கிறது, ஜெபத்துக்கு இரண்டு நிமிடம் என்ற கணக்கும் இருக்கிறது. இந்தப் பதினெட்டு வருடத்தில், “முடிந்துவிட்டதா, காத்திருக்கட்டுமா?” என்று அங்கே என்னை யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.